டியூ டேட் தாண்டினா என்ன ஆகும்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு இது முதல் குழந்தை. டியூ டேட் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, வலியே வரல. ஸ்கேன் நார்மல், என்.எஸ்.டி (குழந்தையோட இதயத்துடிப்பு டெஸ்ட்) நார்மல், பிபி, சுகர் எல்லாம் நார்மல். ஆனா எங்க டாக்டர் 41 வாரம் முடிஞ்சதும் அட்மிட் ஆயிடுங்க, வலி வர வெச்சுடலாம்னு சொல்றாங்க. எல்லாம் நார்மல்னா எதுக்கு அவசரம்? ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருந்து, பிரச்னை வரப்போகுதுன்னு தெரிஞ்சா அப்போ போனா போதாதா?

பதில்: நல்ல கேள்விம்மா, இதை நேரா உங்க டாக்டர்கிட்டயே கேட்டிருக்கலாம், ஆனா ஓ.பி.யில அஞ்சு நிமிஷத்துல இதுக்கு பதில் சொல்றது கஷ்டம்னு எனக்கும் தெரியும், அதனால இங்க கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல டியூ டேட்னா என்ன? கடைசி பீரியட்ஸோட முதல் நாள்ல இருந்து 280 நாள், அதாவது 40 வாரம். அந்தத் தேதியிலயே பொறக்கற குழந்தைங்க நூத்துல நாலோ அஞ்சோதான். அதனால நாலு நாள் தாண்டினதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. 39 வாரத்துல இருந்து 41 தொடற வரைக்கும் நிறைமாசம், 41ல் இருந்து 42 வரைக்கும் லேட், 42 தாண்டினாதான் உண்மையிலேயே நாள் கடந்த கர்ப்பம்.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். டெஸ்ட் பண்ணி முன்கூட்டியே பிரச்னையை கண்டுபிடிக்க முடியுமான்னா, பாதிதான் முடியும். எந்தப் பாதின்னு புரிஞ்சுக்கிட்டா உங்க டாக்டர் சொல்றது ஏன்னு தானா புரிஞ்சுடும். என்.எஸ்.டி.யில என்ன பார்க்கறோம்? வயித்துல பெல்ட் கட்டி 20 நிமிஷம் குழந்தையோட இதயத்துடிப்பை கிராஃபா எடுக்கறோம், சாதாரணமா 110ல் இருந்து 160க்குள்ள ஓடும், அந்த 20 நிமிஷத்துல ரெண்டு தடவையாவது துடிப்பு 15 கூடி 15 செகண்ட் நின்னுச்சுன்னா சந்தோஷம், எழுந்து போகலாம். அப்படி நல்லா வந்துட்டா, அடுத்த ஒரு வாரத்துல குழந்தை வயித்துலயே இறந்துபோற வாய்ப்பு ஆயிரத்துக்கு 2க்கும் கொஞ்சம் கம்மி. கூடவே ஸ்கேன்ல மூச்சு அசைவு, கை கால் அசைவு, தசை இறுக்கம், பனிக்குட தண்ணி எல்லாம் பார்த்து மார்க் போடற பயோபிசிக்கல் ப்ரொஃபைல் நல்லா வந்தா அது ஆயிரத்துக்கு 1க்கும் கீழ. ஆக "இன்னைக்கு குழந்தை நல்லா இருக்கு"ன்னு சொல்றதுல இந்த டெஸ்ட்டுங்க கெட்டிக்காரங்க.

மறுபக்கம்தான் வீக். என்.எஸ்.டி சரியா வரலைன்னு சொல்ற கேஸ்ல பாதிக்கு மேல குழந்தை நல்லாத்தான் இருக்கும், பெரும்பாலும் தூங்கிட்டு இருக்கும், அதனாலதான் உங்களை எழுப்பி நடக்க விட்டு, திரும்பி படுக்க வெச்சு 40 நிமிஷம் வரைக்கும் எடுப்பாங்க. இன்னொண்ணு, நஞ்சு (குழந்தைக்கு சத்து கொடுக்கற பிளசென்டா) மெதுவா வேலையை குறைச்சுக்கிட்டே வந்தா அது டெஸ்ட்ல தெரியும், ஆனா தண்ணி குறைஞ்ச இடத்துல தொப்புள்கொடி திடீர்னு அழுந்தறதோ, நஞ்சு திடீர்னு பிரியறதோ காலையில எடுத்த கிராஃப்ல தெரியாது, அது சாயந்திரம் நடக்கற விஷயம்.

மூணாவது காரணம் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 41 வாரத்துல இருக்கற ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு பெரிய ஆபத்து வரும்னு வெச்சுக்கங்க. நூத்துக்கு 95 தடவை சரியா சொல்ற ரொம்ப நல்ல டெஸ்ட் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. அது அந்த ஆயிரத்துல ஏறக்குறைய 51 பேருக்கு "ஆபத்து"ன்னு சிவப்பு லைட் போடும், அதுல நிஜமான ஆள் ஒருத்தரா இருக்கலாம், மிச்சம் 50 பேரு சும்மா பயந்ததுதான் மிச்சம். அபூர்வமா நடக்கற ஒண்ணை முன்கூட்டி சொல்றது எந்த டெஸ்ட்டுக்கும் கஷ்டம், இது மகப்பேறுக்கு மட்டும் இல்ல, எல்லா மருத்துவத்துக்கும் பொருந்தும்.

யாருக்கு வரும்னு தெரியாது, ஆனா எப்போ கூடுதுன்னு தெரியும். ஒன்றரை கோடி கர்ப்பங்களை சேர்த்து 2019ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 37 வாரத்துல ஆயிரத்துக்கு 0.11ஆ இருந்த வயித்துலயே குழந்தை இறக்கற ஆபத்து 42 வாரத்துல 3.18 ஆகுது. அப்பவும் பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பொறக்கறாங்க, அதை மறக்காதீங்க, ஆனா ஏறிட்டே போறது உண்மை. அதே வருஷம் ஸ்வீடன்ல 2760 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு 41 வாரத்துல வலி வர வெச்சாங்க, மீதிப் பேரை 42 வரைக்கும் காத்திருக்க வெச்சாங்க. காத்திருந்த பக்கம் ஆறு குழந்தைங்க போச்சு, இந்தப் பக்கம் ஒண்ணு கூட இல்ல, ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க. சிசேரியன் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அப்புறம் இதையும் இதே மாதிரி நெதர்லாந்து ஆய்வையும் சேர்த்து பார்த்தப்போ, அந்த பலன் முதல் பிரசவக்காரங்களுக்குத்தான் தெளிவா தெரிஞ்சுது, அதாவது உங்களை மாதிரி.

உலக சுகாதார நிறுவனமும், தேதி உறுதியா தெரிஞ்சவங்களுக்கு 41 வாரத்துல வலி வர வைக்கலாம்னுதான் சொல்லுது. ஆக உங்க டாக்டர் டெஸ்ட் ரிசல்ட்டை நம்பாம சொல்லல, அந்த ரிசல்ட் எத்தனை நாளைக்கு செல்லும்னு தெரிஞ்சு சொல்றாங்க. 41க்கு மேலயும் காத்திருக்கணும்னு உங்களுக்கு தோணினா அது உங்க உரிமை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனா அப்போ வாரத்துக்கு ரெண்டு தடவையாவது என்.எஸ்.டி.யும் தண்ணி அளவும் பார்த்தாகணும், எந்த நாள் வரைக்கும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணிக்கங்க. பிபி இருந்தாலோ, சுகருக்கு இன்சுலின் போட்டாலோ, குழந்தை வளர்ச்சி கம்மின்னு சொல்லியிருந்தாலோ இந்த 41 வார கணக்கு உங்களுக்கு இல்ல, அதுக்கு முன்னாடியே பிளான் பண்ணிடுவாங்க.

கேள்வி: என் மனைவியோட ரிப்போர்ட்ல மூணு டியூ டேட் இருக்கு சார். பீரியட்ஸ் கணக்குல ஒண்ணு, மூணாவது மாச ஸ்கேன்ல 12 நாள் தள்ளி ஒண்ணு, கடைசி ஸ்கேன்ல இன்னொண்ணு. அவளுக்கு பீரியட்ஸ் 40 நாளைக்கு ஒரு தடவைதான் வரும். எதை வெச்சு "தாண்டிடுச்சு"ன்னு முடிவு பண்றது?

பதில்: சார் இல்லங்க, மேடம். பரவாயில்ல.

மூணாவது மாச ஸ்கேனை பிடிச்சுக்கங்க, மத்த ரெண்டையும் விட்டுடுங்க. 280 நாள் கணக்கே 28 நாள் சைக்கிளை வெச்சு, 14வது நாள் வாக்குல கரு உண்டாச்சுன்னு நினைச்சு போட்ட கணக்கு. 40 நாள் சைக்கிள்னா கரு முட்டை வந்ததே 26வது நாள் வாக்குலதான் இருக்கும், அப்போ பீரியட்ஸ் கணக்குல ஆரம்பத்துலயே 12 நாள் தப்பு, உங்க ஸ்கேன் சொல்ற 12 நாளும் அதுதான், பாருங்க எவ்வளவு அழகா பொருந்துது!

முதல் மூணு மாசத்துல எல்லா குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்துல வளரும், தலையில இருந்து பிட்டம் வரைக்கும் நீளம் அளந்தா அஞ்சாறு நாள் முன்ன பின்னதான் தப்பு வரும். ஒன்பது வாரத்துல இருந்து 14 வாரத்துக்குள்ள எடுத்த ஸ்கேனுக்கும் பீரியட்ஸ் கணக்குக்கும் ஏழு நாளுக்கு மேல வித்தியாசம்னா ஸ்கேன் தேதிதான் செல்லும், அதுக்குள்ளன்னா பீரியட்ஸ் தேதியே இருக்கட்டும். கடைசி மாசத்துல ஒரு குழந்தை குண்டு, ஒண்ணு ஒல்லி, அதை அளந்து தேதி சொன்னா மூணு வாரம் வரைக்கும் கூட தப்பாகும். அதுல வர்ற தேதி டியூ டேட்டே இல்ல, குழந்தையோட சைஸை தேதி மாதிரி மெஷின் எழுதிக் கொடுக்குது, அவ்வளவுதான். இதை வெச்சு "ஐயோ தாண்டிடுச்சு"ன்னு ஓடி வர்றவங்களும் இருக்காங்க, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு"ன்னு நிஜமாவே தாண்டினப்புறம் வீட்ல உட்கார்ந்திருக்கறவங்களும் இருக்காங்க. எனக்கு ரெண்டாவது ரகம்தான் ரொம்ப பயம்.

ஒரே ஒரு வேலை செய்ங்க, அந்த மூணாவது மாச ரிப்போர்ட்டை ஃபைல்ல மேல வெச்சு எடுத்துட்டு போங்க. டெஸ்ட் ட்யூப் குழந்தைன்னா இந்தக் குழப்பமே இல்ல, கரு வெச்ச தேதியை வெச்சே கணக்கு.

கேள்வி: என் தங்கச்சிக்கு 40 வாரம் 5 நாள். ஸ்கேன் ரிப்போர்ட்ல ஏ.எஃப்.ஐ 7, பிளசென்டா கிரேட் 3, கழுத்துல கொடி ஒரு சுத்து, எடை 3.9 கிலோன்னு இருக்கு. படிச்சதுல இருந்து வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. உடனே ஆபரேஷன் பண்ணச் சொல்லலாமா?

பதில்: வேணாம். ஒவ்வொண்ணா பாப்போம்.

ஏ.எஃப்.ஐ.ன்னா வயித்தை நாலு கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் தண்ணியோட ஆழத்தை சென்டிமீட்டர்ல அளந்து கூட்டறது. அஞ்சும் அதுக்குக் கீழயும் கம்மி, ஏழு ஓகே. பனிக்குட தண்ணி எட்டாவது மாச வாக்குல உச்சத்துக்கு போயிட்டு அப்புறம் தானா குறையும், 34 வாரத்துல 800 மில்லி இருந்தா 40 வாரத்துல 600 இருக்கும், டியூ டேட் தாண்டினா இன்னும் குறையும், அதனாலதான் திரும்பத் திரும்ப அளக்கறோம். இப்போ நிறைய பேர் நாலையும் கூட்டாம இருக்கறதுலயே ஆழமான ஒரு இடத்தை மட்டும் அளந்து, ரெண்டு சென்டிமீட்டர் இருந்தா போதும்னு பார்க்கறாங்க, எனக்கும் அதுதான் பிடிக்கும், ஏன்னா ஏ.எஃப்.ஐ.யை வெச்சு முடிவு பண்ணா தேவையில்லாம வலி வர வைக்கறதும் சிசேரியனும் கூடுதே தவிர குழந்தைக்கு கூடுதல் நன்மை இருக்கற மாதிரி தெரியல.

கிரேட் 3ன்னா நஞ்சுல சுண்ணாம்பு படிஞ்சு முதிர்ந்திருக்குன்னு அர்த்தம், 40 வாரத்துல அப்படித்தான் இருக்கும், 30 வாரத்துல இருந்தாதான் யோசிக்கணும். கழுத்துல கொடி நிறைமாசத்துல நாலுல ஒரு குழந்தைக்கு இருக்கும், தலை வெளிய வந்ததும் கையாலயே தூக்கி விட்டுடுவோம், அதுக்காக மட்டும் யாரும் ஆபரேஷன் பண்றதில்ல.

எடை மட்டும் கொஞ்சம் கவனிக்கணும், ஆனா அந்த 3.9 உங்க வீட்டு தராசுல நிறுத்த 3.9 இல்ல. தலைச் சுத்தளவு, வயித்துச் சுத்தளவு, தொடை எலும்பு நீளம் மூணையும் ஃபார்முலாவுல போட்டு வர்ற மதிப்பீடு, 10ல் இருந்து 15 சதவீதம் இப்படி அப்படி போகும், பொறக்கறப்போ 3.4ஆவும் இருக்கலாம் 4.4ஆவும் இருக்கலாம். நாலரை கிலோ பக்கம் போனா தோள் மாட்டிக்கற ஆபத்து, அம்மாவுக்கு கிழிசல், ரத்தப்போக்கு எல்லாம் கூடும், அதுலயும் சுகர் இருக்கற அம்மாவுக்கு இன்னும் கூடும். தங்கச்சிக்கு சுகர் இருக்கான்னு நீங்க எழுதலயே? அதைத்தான் நான் முதல்ல கேட்பேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு டியூ டேட் தாண்டி ஆறு நாள். நேத்துல இருந்து குழந்தை அசைவு கம்மியா இருக்குன்னு சொல்றா. தலை இறங்கிட்டா அப்படித்தான் கம்மியாகும்னு பக்கத்துல சொல்றாங்க. ஆன்லைன்ல வாங்கின மெஷின்ல இதயத்துடிப்பு கேட்குது. நாளன்னைக்கு செக்கப் இருக்கு, அதுவரைக்கும் பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேணாம்மா. இந்தக் கடிதத்துக்கு அச்சுல வர்றதுக்கு முன்னாடியே பதில் அனுப்பியாச்சு, மத்தவங்களுக்காக திரும்ப சொல்றேன்.

கடைசி நாட்கள்ல அசைவோட விதம் மாறும், உதைக்கறது குறைஞ்சு புரள்றது, நெளியறது கூடும், ஆனா எண்ணிக்கை குறையக் கூடாது. சந்தேகம்னா இடது பக்கமா ஒருக்களிச்சு படுத்து, போன், டிவி எதுவும் இல்லாம அசைவை மட்டும் எண்ணச் சொல்லுங்க, ரெண்டு மணி நேரத்துல பத்து வரணும். பத்து வந்தும் "வழக்கம் போல இல்லம்மா"ன்னு பொண்ணு சொன்னா அப்பவும் கிளம்புங்க, அவ குழந்தையோட பழக்கம் அவளுக்குத்தான் தெரியும். 41 வாரம் நெருங்கறப்போ அசைவு குறையறதுங்கறது வீட்ல இருந்தபடியே கிடைக்கற முக்கியமான முன்னெச்சரிக்கை, ராத்திரி ரெண்டு மணின்னாலும் போங்க, போய் எல்லாம் சரியா இருந்து திரும்பி வந்தா எந்த டாக்டரும் திட்ட மாட்டாங்க, திட்டினா டாக்டரை மாத்துங்க.

அந்த மெஷினை பீரோவுல வெச்சு பூட்டிடுங்க. துடிப்பு கேட்குதுன்னா குழந்தை உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், நல்லா இருக்குன்னு இல்ல, சில நேரம் கேட்கறது அம்மாவோட துடிப்பாவே கூட இருக்கும்.

கேள்வி: வலி வர வெச்சா கடைசியில சிசேரியன்லதான் முடியும்னு எல்லாரும் சொல்றாங்களே, உண்மையா?

பதில்: எல்லாரும் சொல்றாங்க, ஆய்வுங்க வேற மாதிரி சொல்லுது. அமெரிக்காவுல 2018ல வந்த ஒரு ஆய்வுல, முதல் பிரசவத்துக்கு வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவங்கள்ல 39 வாரத்துல வலி வர வெச்சவங்களுக்கு சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவங்களுக்கு 22.2. அப்புறம் ஏன் ஊர்ல அப்படி பேச்சுன்னா, தானா வலி வந்து போனவங்களோட ஒப்பிடறாங்க, ஆனா 41 வாரத்துல நிக்கறவங்களுக்கு "இன்னைக்கே தானா வலி வரணும்"ங்கற சாய்ஸ் கையில இல்லையே! காத்திருக்கறதோடதான் ஒப்பிடணும்.

இன்னொரு காரணம் பொறுமை. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கு, எவ்வளவு மெலிஞ்சிருக்கு, மெத்துனு இருக்கா கெட்டியா இருக்கா, முன்னாடி பார்த்து இருக்கா பின்னாடி பார்த்து இருக்கா, தலை எவ்வளவு இறங்கியிருக்குன்னு கைவிரலால பார்த்து மார்க் போடுவோம், மொத்தம் 13, பிஷப் ஸ்கோர்னு பேரு, 1964ல பிஷப்ங்கற டாக்டர் கொண்டு வந்தது. எட்டு வந்தா தானா வலி வந்த மாதிரியே போயிடும். மூணு நாலுதான் வருதுன்னா முதல்ல ஜெல்லோ மாத்திரையோ வெச்சு இல்ல ஃபோலி பலூன் வெச்சு வாயை பழுக்க வைக்கணும், இதுக்கே ஒரு நாள் முழுசா போகலாம், அப்புறம்தான் ட்ரிப். காலையில அட்மிட் ஆகி சாயந்திரம் குழந்தைன்னு நினைச்சுட்டு போனா, ராத்திரியே "ஃபெயிலாயிடுச்சு, ஆபரேஷன் பண்ணிடுங்க"ன்னு வீட்ல இருந்தே சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க (டாக்டர்களும் சொல்றதுண்டு, மறைக்கறதுக்கு இல்ல). ரெண்டு நாளைக்கு மனசை தயார் பண்ணிட்டு போங்க. போன தடவை சிசேரியன் ஆனவங்களுக்கு மட்டும் விதி வேற, மிசோப்ராஸ்டால் மாத்திரை வைக்கக் கூடாது, தையல் விட்டுடற ஆபத்து கூடும், அவங்க 40 வாரத்துலயே உட்கார்ந்து பேசிடணும்.

கேள்வி: நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். இவ்வளவு டேட்டா இருக்கே, ஏ.ஐ.யோ ரத்த டெஸ்ட்டோ வெச்சு யாருக்கு ஆபத்துன்னு சொல்ல முடியாதா?

பதில்: முயற்சி நடக்குது. நஞ்சுல இருந்து ரத்தத்துல கலக்கற ரெண்டு புரதங்களோட விகிதத்தை பார்த்து பிபி சிக்கல் வருமான்னு சொல்றாங்க, அது ஓரளவு வேலை செய்யுது. ரத்த ஓட்டத்தை பார்க்கற டாப்ளர் ஸ்கேன்ல குழந்தையோட மூளை ரத்தக்குழாயையும் கொடி ரத்தக்குழாயையும் ஒப்பிட்டு பார்க்கறதும் இருக்கு, வளர்ச்சி குறைஞ்ச குழந்தைக்கு டாப்ளர் ரொம்ப உதவும், நல்லா வளர்ந்து டியூ டேட் தாண்டின குழந்தைக்கு அந்த அளவுக்கு உதவறதில்ல. பிரசவ நேரத்து கிராஃபை கம்ப்யூட்டரே படிச்சு எச்சரிக்கிற மாதிரி செஞ்சு இங்கிலாந்து, அயர்லாந்துல 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட சோதிச்சாங்க, 2017ல ரிசல்ட் வந்துச்சு, குழந்தைங்க விஷயத்துல எந்த வித்தியாசமும் இல்ல. நான் மேல சொன்ன அம்பதுக்கு ஒண்ணு கணக்கு உங்களுக்கு என்னைவிட நல்லாவே புரியும்.

கேள்வி: பேரன் 42 வாரத்துல பொறந்தான். தோல் உரியுது, நகம் நீளமா இருக்கு, கிழவன் மாதிரி சுருங்கி இருக்கான். தண்ணி பச்சையா இருந்துச்சாம். பயப்படணுமா?

பதில்: நாள் கடந்து பொறந்த குழந்தைங்கள்ல பத்துல ஒண்ணு ரெண்டு இப்படித்தான் இருக்கும். உடம்பு மேல இருக்கற வெள்ளை மாவு போயிடுது, தண்ணியில ஊறி தோல் வறண்டு உரியுது, நஞ்சுல இருந்து சாப்பாடு குறைஞ்சதால கொழுப்பும் கரைஞ்சிருக்கும். தோல் ஒண்ணு ரெண்டு வாரத்துல சரியாயிடும். முதல் ரெண்டு நாள் சர்க்கரை குறையாம பார்க்கறதும் அடிக்கடி பால் கொடுக்கறதும்தான் முக்கியம், அதை ஆஸ்பத்திரியிலயே பார்த்திருப்பாங்க. பச்சைத் தண்ணின்னா உள்ளயே மலம் போயிட்டான்னு அர்த்தம், அதுல நூத்துல அஞ்சு குழந்தைக்குதான் அது நுரையீரலுக்குள்ள போய் மூச்சுத் திணறல் வரும், அதுவும் பொறந்த சில மணி நேரத்துலயே தெரிஞ்சுடும், வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா அந்தக் கவலை வேணாம்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்கம்மா, சில மாசம் ஆகியும் தோல் மீன் செதில் மாதிரி உரிஞ்சுக்கிட்டே இருந்தா குழந்தை டாக்டர்கிட்ட "இவனுக்கு வலியே தானா வரல, 42 வாரம் போச்சு"ன்னு சேர்த்து சொல்லுங்க. ஆண் குழந்தைங்களுக்கு மட்டும் அபூர்வமா ஒரு என்சைம் குறைபாடு வரும், அதுல நஞ்சு ஈஸ்ட்ரோஜன் சுரக்கறது குறைஞ்சு வலி ஆரம்பிக்கறதும் தாமதமாகும், தோலும் இப்படி உரியும். குழந்தையோட அம்மா பக்கத்து ஆம்பளைங்கள்ல, அதாவது அவளோட அப்பா, அண்ணன் தம்பி பக்கம் யாருக்காவது அப்படி தோல் இருக்கான்னும் விசாரிச்சு வெச்சுக்கங்க, அடுத்த பிரசவத்துக்கு அது உதவும்.